கண்ணாடியில் வைத்த கை

2006 ஆகஸ்ட் 12, சனி

வீட்டில் நான் நடத்தும் டியூஷனுக்கு ஒரு பிரிண்டர் வாங்க அம்மாவோடு பதுளைக்குப் போனேன். அச்சடிக்க வேண்டும், போட்டோக் கொப்பியும் எடுக்க வேண்டும், கட்டுப்படியாகவும் வேண்டும். கடைக்காரர் இரண்டைக் காட்டினார்.

"இது வெல கொறவு. ஆனா மை தீந்தா மைப்பெட்டியே புதுசு வாங்கணும். மத்தது கொஞ்சம் கூட. மைய நீங்களே ஊத்திக்கலாம் டீச்சர்."

இரண்டாவதில் கொப்பி எடுத்துக் காட்ட ஒரு தாள் கேட்டார். என்னிடம் இல்லை. அதற்குள் அம்மா மூடி திறந்திருந்த பிரிண்டரின் கண்ணாடி மேல் தன் கையை வைத்துவிட்டாள்.

"இத எடுங்க தம்பி."

வெளிச்சம் ஒன்று கைக்கடியில் ஊர்ந்து போனது. வெறும் கரிய நிழல்தான் வரும் என்று நினைத்தேன். தாளில் வந்தது அம்மாவின் கை. ஒவ்வொரு ரேகையும், பெருவிரல் வெடிப்பில் ஏறிய, தேயிலைக் கொழுந்து பறித்த கறையும் அப்படியே இருந்தன. அந்தக் கையால் எவ்வளவு சோறு தின்றிருக்கிறேன்! ஒருநாளும் அதை இப்படிப் பார்த்ததில்லை.

"ஆத்தி! என் கையா இது?" என்றாள் அம்மா.

"இதையே கட்டுங்க" என்றேன்.

பசறைக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா தாளை மடியில் விரித்து, விரலுக்கு மேல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரவாகியும் பிரிண்டர் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்கு வெளியே கிடக்கும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.