வல்லை வெளியில் கியர் சைக்கிள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? தோட்டத்தில் மழை விட்டதா? நான் சுகம்.

ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கிவிட்டேன். கடையில் இருந்தவற்றில் மலிவானதுதான், ஆனாலும் கியர் இருக்கிறது. "ஏத்தமே இல்லாத ஊரிலை கியர் எதுக்கு ரீச்சர்?" என்று நான் தங்கியிருக்கும் வீட்டுப் பிரசாந்தி சிரித்தார். அவரும் என் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறார். மலையில் பிறந்தவளுக்குக் கியர் இல்லாமல் தைரியம் வருமா? இரண்டு காலும் தரையில் ஊன்றவேண்டும் என்று சீட்டையும் நன்றாக இறக்கி வைத்தேன்.

இங்கே மேடு காற்றில் இருக்கிறது, அப்பா. முதல் நாளே, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மரமே இல்லாத வல்லை வெளியில் எதிர்க்காற்று என்னைச் சைக்கிளோடு சரித்துவிட்டது. சிராய்ப்புத்தான், பயப்படாதீர்கள். கூடச் சைக்கிளில் வந்த பிரசாந்தி இறங்கி வந்து என் சீட்டை உயர்த்தி இறுக்கினார். "உந்த வளைஞ்ச ஹாண்டில் குனிஞ்சு ஓடத்தான். எனக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். கியர் இல்லாத பழைய சைக்கிளில், சேலையோடு, அவ்வளவு காற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு முன்னால் மிதித்தார். என்ன மனுஷி! நான் அவர் முதுகுக்குப் பின்னால் சுகமாக வந்தேன்.

வெளியைத் தாண்டியதும், ஏறியதற்கு இனி ஓர் இறக்கம் வரும் என்று மிதிப்பதை நிறுத்திப் பார்த்தேன். சைக்கிள் நின்றுவிட்டது.

சீட் கல் மாதிரி இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்தும் பழைய கம்பளியில் ஒரு துண்டு வெட்டி அனுப்புங்கள், சுற்றிக் கட்டலாம். பிரசாந்தி வாசலில் மணி அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
சசிரேகா

கம்பளியைத் துவைத்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.