கழற்றிய கதவு

வொர்கிங்டன்
5 மார்ச், ஞாயிறு

அப்பாவுக்கு,

உங்களோடு பேச மாட்டேன் என்று வெள்ளிக்கிழமை சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் பால் தீர்ந்துவிட்டது, பூனையின் காலுக்கு மருந்து போட்டாயிற்று, இதையெல்லாம் சுவரிடமா சொல்வது? போனையும் பிடுங்கிக்கொண்டீர்கள். அதனால் டீ கெட்டிலில் சாய்த்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதம்.

கேட்லின் விஷயமாக எழுதுகிறேன். சின்னப் பள்ளியிலிருந்து என் தோழி. உங்கள் கையால் இந்த வீட்டில் எத்தனை முறை டோஸ்ட் சாப்பிட்டிருக்கிறாள்! வெள்ளிக்கிழமை பாதிப் பள்ளிக்கூடம் மைதானத்தில் இறங்கி நின்றது. பாட நேரத்தில் கழிப்பறையைப் பூட்டாதே என்று எல்லோரும்தான் கத்தினோம். ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் கேட்லின் ஒருத்திதான். பெண்கள் கழிப்பறைக் கதவை யாரோ கழற்றி, "இதையும் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்" என்று தாள் ஒட்டி, தலைமையாசிரியை அறை வாசலில் சாத்திவிட்டார்கள் அல்லவா? அதைத் தூக்கிக்கொண்டு போனபோது கேமராவில் கேட்லின் முகம் விழுந்துவிட்டதாம். மறுமுனையைப் பிடித்தவர் கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டாராம். அவள் அப்பா தச்சர், அதனால் கழற்றியதும் அவளாகத்தான் இருக்குமாம். நல்ல நியாயம்! டாக்டர் மகளெல்லாம் ஆபரேஷன் செய்கிறாளா?

ஏற்கெனவே இரண்டு முறை இடைநீக்கம் ஆனவள். இந்த முறை பள்ளியை விட்டே நீக்கப்போகிறீர்கள் என்று பேச்சு. மே மாதம் பொதுத்தேர்வு. இப்போது துரத்தினால் எங்கே போய் எழுதுவாள்?

நீங்கள் துணைத் தலைமையாசிரியர். நினைத்தால் தடுக்கலாம்.

எல்சி

(பால் நீல மூடி போட்டது. பச்சை வேண்டாம்.)


வொர்கிங்டன்
6 மார்ச், திங்கள்

அன்பு மகள் எல்சிக்கு,

நீல மூடிப் பால் வாங்கி வைத்திருக்கிறேன். இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு நான் செய்து, நீ தொடாமல் விட்ட ஷெப்பர்ட்ஸ் பை ஓவனிலேயே இருக்கிறது. கோபம் என் மேல். உருளைக்கிழங்கு உன்னை என்ன செய்தது?

பூட்டு ஏன் வந்தது என்று நீ மறந்துவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தக் கழிப்பறையில் மின்சிகரெட் புகை மண்டிக்கிடந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அழுதுகொண்டு என்னிடம்தான் வந்தார்கள்.

விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். நீ இங்கே சேர்ந்த அன்றைக்கே சொன்னேன், பள்ளி வாசலுக்குள் நான் உனக்கு டைசன் சார் என்று. இத்தனை வருஷமாக உன்னைச் சர்ச் முனையில் இறக்கிவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வருகிறேன். என் மகளுக்குச் சலுகை என்று யாரும் வாயெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். மகளுக்கே தராததை மகளின் தோழிக்கு எப்படித் தருவேன்?

15ஆம் தேதி நிர்வாகக் குழு விசாரிக்கிறது. பள்ளியின் தரப்பைச் சொல்லப்போவது நான்தான். மறுமுனையைப் பிடித்தது யார் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

ஷெப்பர்ட்ஸ் பையைச் சூடுபண்ணிச் சாப்பிடு.

உன் அப்பா


வொர்கிங்டன்
7 மார்ச், செவ்வாய்

அப்பாவுக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள், கணக்கு வகுப்பு. கேட்லின் இரண்டு தடவை கை தூக்கினாள். "சாவி டைசன் சார்கிட்டதான் இருக்கு, காரிடார்ல நிக்கிறாரு, போய்க் கேளு" என்றார் மிஸ். கதவு திறந்திருந்தது. வகுப்பு முழுக்கக் கேட்டது.

"சார், அவசரம் சார்."

"எல்லாருக்கும் அவசரம்தான். இன்னும் இருபது நிமிஷம், அடக்கிக்கோ."

"சார், இது வேற..."

"உள்ள போ, கேட்லின்."

வந்து உட்கார்ந்தாள். மணி அடித்து எழுந்தபோது நாற்காலியில் ரத்தம், பாவாடையெல்லாம் ரத்தம். "யாருடா செத்தது?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினேன். அனுமதி கேட்காமல் ஸ்வெட்டரைக் கழற்றியதற்காக நடத்தை ஏட்டில் எனக்கு ஒரு கரும்புள்ளி விழுந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். ஏன் கழற்றினாய் என்று வீட்டில்கூட நீங்கள் கேட்கவில்லை.

கதவைக் கழற்றியது நான்.

அம்மா கார்லைலுக்குப் போன கோடையில் நீங்களும் நானும் இந்த வீட்டுக் கதவுகளை எல்லாம் மாற்றினோம். கீழ்க் கீலை முதலில் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கதவு நம் மேலேயே சாயும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அப்படியே செய்தேன். கேட்லினுக்கு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கவே தெரியாது, அவள் அப்பா கருவிப் பெட்டியைத் தொட விட்டதில்லை. என்னால் தனியாகத் தூக்க முடியாததால் கூப்பிட்டேன், வந்து ஒரு முனையைப் பிடித்தாள். நீங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்டும் என் பெயரை அவள் சொல்லவில்லை.

தலைமையாசிரியை வியாழக்கிழமை பள்ளிக்கு வருகிறார். அவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எல்சி


வொர்கிங்டன்
8 மார்ச், புதன்

கண்ணு எல்சி,

உன் அறைக் கதவைத் தட்டினேன், நீ திறக்கவில்லை. அதனால் இதை அடியில் தள்ளுகிறேன்.

சொல்லாதே. உன் கடிதத்தைக் கொளுத்திவிட்டேன். இதையும் படித்ததும் கிழித்துப் போடு.

கேட்லினுக்கு அப்படி ஆனது சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வந்து அவசரம் என்கிறார்கள், பாதிப் பேர் புகைக்கப் போகிறவர்கள். யார் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு ஜோசியமா தெரியும்? நேற்றிலிருந்து அந்த நாற்காலிதான் கண்முன்னால் நிற்கிறது.

ஆனாலும் யோசித்துப் பார். செப்டம்பரில் மேல்வகுப்புக்கு உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறாய். இப்போது பெயர் கெட்டால் அந்த இடம் நிலைக்குமா? கேட்லின் மேல் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, மூன்றாவது அவளைப் புதிதாக ஒன்றும் கெடுத்துவிடாது. நீக்காமல் வேறு பள்ளிக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். உன் அம்மா போன பிறகு எனக்கு நீ ஒருத்திதான். கெஞ்சிக் கேட்கிறேன், கொஞ்சம் பொறு.

அப்பா


கார்லைல்
10 மார்ச், வெள்ளி

டைசன் சாருக்கு,

நேற்று பள்ளி விட்டதும் அம்மாவிடம் வந்துவிட்டேன். இரண்டு நாள் உடுப்பு மட்டும் இருக்கிறது, மற்றதை அம்மா வந்து எடுத்துக்கொள்வாள்.

தலைமையாசிரியையிடம் போனேன். எந்தத் திருகு இறுகிக்கிடந்தது என்பதுவரை சொன்னேன். அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எல்சி, உங்கப்பா காலைலயே எல்லாம் சொல்லிட்டாரும்மா. ஃப்ரெண்டைக் காப்பாத்த நீ பழியைத் தூக்கிப் போட்டுக்குவேன்னு. அம்மா வேற கூட இல்ல, பாவம். இந்தா சாவி, போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்றார்.

ஆமாம், சாவி. பாட நேரத்தில், கேட்காமலே. உங்கள் மகளுக்குக் கிடைத்தது.

நான் உண்மையைச் சொல்லப் போவதற்கு முன்பே நீங்கள் போய் அதைப் பொய்யாக்கி வைத்துவிட்டீர்கள். ஊருக்குத்தான் உபதேசம். என்னால் இதைத் தாங்க முடியவில்லை அப்பா. நீங்கள் கண்டிப்பானவர் என்று பள்ளிக்கூடமே திட்டும்போது, நியாயமானவர் என்று ஐந்து வருஷமாக நான் சண்டை போட்டிருக்கிறேன்.

15ஆம் தேதி என்னை உள்ளே விட மாட்டார்களாம். மாணவர் யாரையாவது அழைப்பதென்றால் பள்ளிதான் அழைக்க வேண்டுமாம். பள்ளி என்றால் நீங்கள். கேட்லின் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆகையால் அந்த அறையில் உண்மையைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் இங்கேயே இருந்துவிடுவேன். பரீட்சைக்கு மட்டும் ரயிலில் வந்து போவேன். அம்மாவிடம் பேசியாயிற்று.

எல்ஸ்பெத்
(பள்ளிப் பதிவேட்டில் உள்ள என் முழுப் பெயர்)


வொர்கிங்டன்
15 மார்ச், புதன்

அன்பு மகள் எல்சிக்கு,

சொல்லிவிட்டேன்.

அறைக்குள் போகும்போது சொல்லும் எண்ணம் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கொண்டுபோனதைப் பாதி வாசித்திருப்பேன், கேட்லினின் அப்பா எழுந்தார். வேலை உடுப்போடேயே வந்திருந்தார். "கதவை விடுங்க சார், அதை நானே வந்து மாட்டித் தர்றேன். எம் பொண்ணு அன்னிக்கு உங்ககிட்டக் கேட்டாளா, இல்லையா?" என்றார். கேட்டாள் என்றேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்லின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அந்த வார்த்தைகளைத் திரும்பச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. கழற்றியது என் மகள், அவள் வந்து சொன்னதைப் பொய் என்று நம்பவைத்தவன் நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்லினை நீக்கவில்லை, திங்கட்கிழமை வருவாள். உனக்கு ஒரு வாரம் இடைநீக்கம், கடிதம் அம்மா வீட்டுக்கு வரும். செப்டம்பர் இடம் என்னவாகும் என்று எனக்குத் தெரியவில்லை. துணைத் தலைமைப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், இனி வரலாற்றுப் பாடம் எடுப்பது மட்டும்தான். கழிப்பறை திறந்தே இருக்கும், வெளியே ஓர் ஆசிரியை நிற்பார்.

வாசலில் கேட்லினிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சார்" என்றாள். அவ்வளவுதான்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. வந்துவிடு மகளே. பேசாவிட்டாலும் பரவாயில்லை, வா.

அப்பா


கார்லைல்
16 மார்ச், வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவும் படித்தாள். நான் அழுதேன். நீங்கள் சொன்னதற்காகவா, சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்காகவா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். இனிமேல் பேசுவேன். ஆனால் இறங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த நாட்களில் கேட்லின் கணக்கில் ரொம்பப் பின்தங்கிவிட்டாள். சனிக்கிழமை நம் சமையலறையில் உட்கார்ந்து படிக்கலாம் வா என்று அம்மாவின் போனில் கூப்பிட்டேன்.

"உங்கப்பா இருப்பாரா?" என்றாள்.

"இருந்தா என்னடி?"

"வேணாம் எல்சி. அவரு இருந்தா, உங்க வீட்டு பாத்ரூமுக்குப் போறதுக்குக்கூட எனக்குக் கை தூக்கத் தோணும்."

அதனால் அன்று காலையிலேயே நீங்கள் எங்காவது போய்விடுங்கள். நாங்கள் படித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும், ஆறு மணிக்கு மேல் வந்தால் போதும். மழை இருக்கும் என்கிறார்கள், குடை எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மகள்
எல்சி