கை இறங்கும் வரை

அண்ணே,

இன்று காலை, நிலமட்டம் அளக்க நீங்கள் பிடித்து நின்ற மட்டக்கோல் நீதிமன்றத்திலிருந்து அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. சாக்கில் சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் அதை என் மேசைமேல் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிரித்தேன். நடுவில் வளைந்த அலுமினியக் கோல். எண்களுக்கு இடையே இருந்த கறை கறுத்துப்போய், நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. "ஒடஞ்ச சாமானோட சேத்துடலாம் மேடம்," என்றார் கிடங்குக்காரர். மேசையில் இருந்த ஸ்டேப்ளரை அவர்மேல் எறிந்திருப்பேன். நல்ல வேளை, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே போய்விட்டார்.

ஏரியைப் பெரிதாக்க முடியுமா என்று பார்க்கத்தானே போனோம். கரையை ஒரு மீட்டர் உயர்த்தினால் தண்ணீர் மேல்பக்கம் எதுவரை ஏறும், யார் நிலம் முழுகும் என்று அளந்து சொல்வதுதான் நம் வேலை. உயர்த்துவதும் விடுவதும் மேலே இருப்பவர்கள் பாடு. இதை யார் காதில் வாங்கினார்கள்? ஏரிக்குக் கீழே பாசனக்காரர்கள் மோர் கொடுத்தார்கள். மேல்பக்கம் பயிர் வைத்திருந்தவர்கள் முதல் நாளே கல்லெறிந்தார்கள். ஒரு கல் உங்கள் புருவத்தைக் கிழித்தது. துண்டால் அழுத்திக்கொண்டு சிரித்தீர்கள். சேதராப்பட்டில் தொழிற்பேட்டைக்கு அப்பாவின் நிலத்தைப் பறிகொடுத்தவர் அல்லவா நீங்கள்.

"நெலம் போறவன் அடிக்கத்தான் செய்வான் மேடம். அளக்க வந்தவன் மண்டைய நானும் குறி பாத்தவன்தான். தப்பிச்சிக்கினான்."

நமக்குள் ஒரே ஒரு சட்டம். நான் கருவியில் கண்ணை வைத்து வலது கையைத் தூக்கினால், நீங்கள் கோலை அசைக்கக் கூடாது. கை இறங்கினால்தான் அடுத்த இடம். எண்பது மீட்டர் தூரத்தில் கத்தினால் காற்றில் போய்விடும் என்பதால் கைதான் நம் பேச்சு. "இன்னா மேடம், எம்மா நேரம் கைய தூக்கிக்கினே நிப்பீங்க? காலு மரத்துப் போவுது," என்று சாயங்காலம் சண்டைக்கு வருவீர்கள். செயற்பொறியாளர் கூப்பிட்டாலே பீடியை முடித்துவிட்டு வரும் மனிதர், என் கைக்கு மட்டும் ஏன் அண்ணே அப்படிக் கட்டுப்பட்டீர்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசி நாள், கடைசி இடம். மேல்பக்கத்தில் ஒரு கிணற்று மேடு. வெயிலில் எண்கள் ஆடின. கையைத் தூக்கினேன். கூச்சல் கேட்டது. தினமும் கேட்கிற வசவுதானே என்று இருந்துவிட்டேன். கடைசி இலக்கம் ஐந்தா ஆறா என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. கருவியின் வட்டத்துக்குள் கோலும் உங்கள் விரல்களும் மட்டும் தெரிந்தன. விரல்கள் கோலை இறுக்கின. ஐந்துதான் என்று தெரிந்த நொடியில் மண்வெட்டி இறங்கியது. இரண்டாவது அடிக்குக் கோல் வளைந்தது. மூன்றாவது அடிக்கு வட்டத்தில் நீங்கள் இல்லை. என் கை அப்போதும் மேலேதான் இருந்தது.

கருவி நின்ற முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கருவி கழன்று வரப்பில் விழுந்து நொறுங்கியது. அடித்தவன் திரும்புவதற்குள் அவன் தாடையில் போட்டேன். எலும்பு உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அது எனக்கு இனித்தது. இன்னும் இரண்டு போட்டேன். அதற்குள் கீழ்ப்பக்கத்து ஆட்களும் கழிகளோடு வந்துவிட, யார் யாரை அடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் அத்தனை பேர் காலடியிலும் கிடந்தீர்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டீர்கள்.

அந்த ஐந்தை வைத்துக் கணக்குப் போட்டேன். கிணற்று மேடு புதிய நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வந்தது. உங்களை அடித்தவனின் கிணறு முழுகாது. சாட்சி சொல்லும்போது இதைச் சொன்னேன். கூண்டில் நின்றவன் கோணிய தாடையோடு மரச்சட்டத்தில் தலையை மோதிக்கொண்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. கரையை உயர்த்தினால் யார் நிலம் முழுகும் என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கை எந்த மேசையிலோ தூங்குகிறது.

"ஓடியிருக்கலாமே, ஏன் நின்றார்?" என்று வக்கீல் கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கு முன்பே, பிணவறை வாசலில், உங்கள் மனைவி கேட்டார், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். "போலீசப் பாத்தாலே செவுரு ஏறிக் குதிச்சி ஓடுற ஆளும்மா அது. ஏன் நின்னுச்சி?" அவரிடமும் தெரியாது என்றேன். இரண்டு வருடமாக உங்கள் தெருப் பக்கமே நான் போகவில்லை.

இன்று மதியம் கோலை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் போனேன். அக்கா வேலை செய்யும் பட்டறை வாசலுக்கு அவரை வரச் சொன்னேன். நம் சட்டத்தைச் சொன்னேன். "கூச்சல் கேட்டுச்சி அக்கா. நா கைய எறக்கல. அதான் அவரு நின்னாரு."

அவர் கோலை வாங்கி, வளைந்த இடத்தைத் தடவினார். கறையில் விரல் நின்றது. பிறகு கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். கிரீஸ் படிந்த கை. எனக்குப் பின்னால் தெரு காலியாகத்தான் கிடந்தது, ஓடியிருக்கலாம். அந்தக் கை இறங்கும் வரை நான் அசையவில்லை அண்ணே.

இதை எழுதும்போதும் கன்னம் எரிகிறது. முகம் கழுவவில்லை. கிரீஸ் அப்படியே இருக்கிறது.