நாற்று முடியோடு வந்த பெயர்

நேற்று மாலை ஒரு டென்னிஸ் பந்து என் பெயரோடு என்னிடம் வந்தது, நண்பா. மகள் சேர்ந்திருக்கிற நாடகக் குழுவைப் பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தேன். எழுதி வைத்த வசனம் இல்லாமல், அந்தந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசி நடிக்கிறவர்கள். தொடங்குமுன் வட்டமாக நின்று, ஒருவர் பெயரைச் சொல்லி அவரிடம் பந்தை எறிகிறார்கள். உடம்பும் மனசும் விழித்துக்கொள்ள இது புதுப் பயிற்சி என்று மகள் விளக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உன் நினைவு வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

நாம் எறிந்தது நாற்று முடி, நடவுக்காகப் பறித்துக் கட்டுகிற நாற்றுக் கட்டு. கூலி உயர்வு கேட்டு வலங்கைமான் பக்கம் ஊருக்கு ஊர் கொடி ஏறிய வருஷங்கள் அவை. அதற்காக நாம் போட்ட நாடகத்தை எழுதினால் போலீஸ் ஸ்டேஷனில் காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதனால் எழுதவே வேண்டாம் என்றாய். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு எழுத்தும் தெரியாது. நடவில் மிஞ்சிய முடி ஒன்றைப் படிப்பகத்துக்குப் பின்னால் கொண்டுவந்து, நீதான் அந்த விளையாட்டைத் தொடங்கினாய். "பேரக் கேட்டதும் திரும்பணும். யோசிச்சா நாத்து கீழ விழுந்துரும்" என்பாய்.

எல்லோருக்கும் முடி வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. மிராசு வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? பந்தியில் இலை போட மறந்த விருந்தாளி மாதிரி மூன்று நாள் நின்றேன். நாலாம் நாள் நீ, "கோபாலு, இந்தா" என்று எறிந்தாய். உங்கள் தெருவில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத பெயர். நான் மலைத்து நிற்க, முடி சேறும் தண்ணீருமாக என் வெள்ளைச் சட்டையில் வந்து மோதியது. நான் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் இருந்ததில்லை. அதன்பின் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை என்று பெருமை வேறு.

அப்புறம் எங்கள் வைக்கோல்போர் எரிந்தது. மறுநாள் காலை போலீஸ் உன்னை எங்கள் களத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. தீப்பிடித்த நேரத்தில் நீ ஒத்திகையில் என் எதிரே நின்றிருந்தாய். மற்றவர்கள் அதைச் சொன்னார்கள். உன் தெரு ஆட்கள் வேறெப்படிச் சொல்வார்கள் என்று இன்ஸ்பெக்டர் தள்ளிவிட்டார். நான் ஒத்திகைக்குப் போவதே அப்பாவுக்குத் தெரியாது. வட்டத்தில் கூப்பிடுகிற அதே குரலில் நீ "கோபாலு" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன்.

வேன் போய்விட்டது.

மறுநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். உன்னை விட்டார்கள். உன் இடது காது வீங்கியிருந்தது. அந்த வாரமே மறுபடி வட்டம் கூடியது. என் முறை வந்தபோது, சொட்டுச் சேறு தெறிக்காமல், கைக்குள்ளேயே வந்து விழும்படி பதமாக எறிந்தாய். "சின்னய்யா, புடிங்க."

பிடித்தேன். அதற்கப்புறம் கடைசிவரைக்கும் அதுதான். என் கல்யாணத்தில், உன் மகள் டீச்சர் வேலையில் சேர்ந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நீ கிடந்தபோதுகூட, "வாங்க சின்னய்யா." பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று இருந்துவிட்டேன். அது தப்புடா. நான் கேட்டிருக்க வேண்டும்.

நேற்று பந்தைப் பிடித்துவிட்டேன். இந்த வயதில் இவ்வளவு சுறுசுறுப்பா என்று கைதட்டினார்கள். கடைத்தெருவில் யாரோ எந்தக் கோபாலையோ கூப்பிட்டாலும் நான் சட்டென்று திரும்பிவிடுவது அவர்களுக்குத் தெரியாது. "உங்கள இல்ல பெரியவரே" என்பார்கள். யோசிக்காமல் திரும்ப இப்போது நன்றாகவே வருகிறது. கூப்பிடத்தான் நீ இல்லை.