வாலு யார் என்று கேட்டார்கள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். ஆறு வருடமாக நலம் விசாரிக்காதவன் இப்போது விசாரித்தால் உனக்குச் சிரிப்புதான் வரும். அதனால் நேராகச் சங்கதிக்கு வருகிறேன்.

போன மாதம் எனக்கு வலது முட்டியை மாற்றினார்கள். உன் அண்ணி சொல்லியிருப்பாள். நான் கல்லூரிக்குப் போனதும் அவள் உன்னோடு பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நடக்கிறேன். மாடிப்படியோடுதான் இன்னும் பகை. அடுத்த மாதம் இடது முட்டி.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். ஆள் விழித்தேதான் இருக்க வேண்டும். பயம் தெரியாமலிருக்க முகத்தில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிக் காதையும் மூடுகிறார்கள். வி.ஆர். என்கிறார்கள், உள்ளே படம் ஓடும். இருபத்தெட்டு வருடம் வேதியியல் நடத்தியவனுக்குப் பொம்மை காட்டுகிறீர்களா என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் வாயாடி. "பொம்மை இல்ல சார், ஏரி. புடிக்கலேன்னா கழட்டிடலாம். இதுவரைக்கும் எந்த வாத்தியாரும் கழட்டல" என்றாள்.

ஏரிதான். மேலே பனி, ஓரத்தில் ஒரு படகு. மூச்சை மெல்ல இழு, மெல்ல விடு என்றது ஒரு குரல். மனதில் யார் வந்தாலும் விரட்டாதே, வந்து போகட்டும் என்றது. எனக்கு யார் வருவார்கள்? எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பதவியைப் பறித்தவன் வந்தான். அவனுக்குக் கையெழுத்துப் போட்ட கல்லூரி முதல்வர் வந்தார். என் புத்தகங்களைத் திருப்பித் தராத சகலை வந்தார். எல்லோரும் போகவும் செய்தார்கள். பிறகு நீ வந்தாய். நீ போகவில்லை.

உன் பித்தப்பை ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் போன் செய்தாயே. "மயக்கம் குடுக்கற வரைக்கும் பக்கத்துல நின்னா போதும்ணா, பயமா இருக்கு" என்றாய். "நான் என்ன மயக்க மருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். நல்ல பதில் என்று இரண்டு நாள் மகிழ்ந்தும் இருந்தேன். எல்லாம், "அண்ணனுக்கு யாரோடயும் ஒத்துப்போகாது, அதான் பதவி கெடைக்கல" என்று உறவுக்காரர்கள் முன்னால் நீ சொன்னதற்காக. நீ அப்படிச் சொன்னது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்கு நான் செய்தது பதில் இல்லை.

எலும்பை அறுத்தபோது வலிக்கவில்லை. உடம்பு முழுக்க அதிர்ந்தது. சின்ன வயதில் உன்னைக் கூப்பிட்ட மாதிரியே, "வாலு, கைய விடாத" என்று வாய்க்குள் முணுமுணுத்ததாகத்தான் நினைத்தேன். காது மூடியிருந்ததில் என் குரல் எனக்கே தெரியவில்லை. அறை முழுக்கக் கேட்கக் கத்தியிருக்கிறேன், அதுவும் திரும்பத் திரும்ப. டாக்டர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். நர்ஸ்தான் கையைக் கொடுத்திருக்கிறாள். முடியும்வரை நான் விடவில்லையாம்.

வார்டில் அவள், "வாலு யாரு சார், வளத்த நாயா?" என்றாள். தங்கை என்றேன். "அப்ப போன் போட்டு வரச் சொல்லுங்க. இவ்ளோ தேடுறீங்களே" என்றாள். பேசுவதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் முன்னால் ஏற்கெனவே மானம் போயிருந்தது. நீ செத்துப்போய்விட்டதாகச் சொல்லிவிட்டேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து முட்டியை மடக்கிப் பழக்கியபோதெல்லாம் அதே கண்ணாடியை மாட்டிவிட்டு, "தங்கச்சி பக்கத்துல நிக்கறதா நெனச்சுக்கங்க சார்" என்று தானாகவே கையைக் கொடுத்தாள். ஆறு நாள். வலி குறைந்தது. அதைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது.

உன் அண்ணிக்கு இது தெரியாது. நீ திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

இடது முட்டிக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே நர்ஸ். வேறு இடத்துக்குப் போய்விடலாமா என்றுகூட விசாரித்தேன். என் புத்தி அப்படித்தான் போகிறது. வேண்டாம், நீ வா. வார்டு வாசலில் கொஞ்சம் நின்றுகொள். முதலில் நான் உள்ளே போய் அவளிடம் உண்மையைச் சொல்கிறேன். அவள் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டபின் உன்னைக் கூப்பிடுகிறேன். உனக்கு வர மனமில்லாவிட்டாலும் அவளிடம் சொல்லத்தான் போகிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்