ஒரு தோலுக்கு இரண்டு பக்கம்தான்

இரண்டு நாளாக ஆம்பூரில் மழை விடவில்லை. காற்றில் ஈரம் ஏறியதும் உன் பை மணக்கத் தொடங்கிவிட்டது. அதை மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதப்படுத்தி, சாயம் ஏற்றி, மெருகு போட்ட தோலின் வாசனை. இந்த ஊரில் பிறந்தவன் மூக்குக்கு அது தெரியவே கூடாது. நமக்கு அதுதானே காற்று. ஆனால் இந்தப் பையிலிருந்து வரும்போது மட்டும் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. துக்கத்தால் அல்ல, கோபத்தால். நீ போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்காக ஓர் அழுகை வரவில்லை. வருவதெல்லாம் கோபம்தான். அதை வேறு யாரிடம் கொட்டுவது? உன்னிடமே கொட்டுகிறேன், கேட்டுக்கொள்.

பைக்குள் இருப்பவை சீட்டுக்கட்டு அளவில் நீ வெட்டிய தோல் துண்டுகள். வழவழப்பான மேல்பக்கத்தில் ஒரு ஜெர்மன் சொல். சொரசொரப்பான உள்பக்கத்தில் அதே பொருளுக்கு ஃபின்னிஷ் சொல். ஷூ கம்பெனியில் தோலின் மேல் குறி போடுவார்களே, அந்த வெள்ளிப் பேனாவால் எழுதியது. "பேப்பர்ல எழுதேன்டா" என்று நான் சொன்னதற்கு, "பேப்பர் ரெண்டு மழைக்குத் தாங்காது வாத்தியாரே, தோலு நம்மளவிட ஜாஸ்தி நாள் இருக்கும்" என்றாய். இருக்கிறது, பார்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் மகன் ஜெர்மனியில் வேலையில் இருந்தான். அங்கே உடன் வேலை பார்த்த ஃபின்லாந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பேத்தி பிறந்தபோது மீரா என்று பெயர் வைத்தார்கள். நீ நம் ஊர்ப் பெயர் என்று பூரித்தாய். அந்தப் பெண்ணின் தாயார் அவர்கள் ஊர்ப் பெயர் என்று பூரித்தாராம். அம்மாவோடு ஃபின்னிஷ், பள்ளியிலும் அப்பாவோடும் ஜெர்மன் என்று குழந்தை வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவள் உன்னைப் பார்த்து என்னவோ நீளமாகக் கேட்டாள். நீ, "இன்னாடா செல்லம், சாப்ட்டியா?" என்றாய். உடனே உன் மகன் முகம் நடுவில் வந்தது.

"அப்பா, தமிழ்ல பேசாதீங்க. ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க, மூணு பாஷைன்னா குழந்தை குழம்பிடும்னு."

நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பையன் அவன். ஓர் உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசிவிட்டு வருவார்கள், சிலர் தெலுங்கு. தெருவில் விளையாடும்போது உருது. என்னிடம் ஆங்கிலம். "சார், இவன் பேஜார் பண்றான் சார், ஜாஸ்தி டிஸ்டர்ப் சார்" என்று ஒரே மூச்சில் மூன்று மொழியில் கோள் சொல்வார்கள். அவர்களில் ஒருவனாவது குழம்பி நின்று நான் பார்த்ததில்லை. குழம்பியதெல்லாம் கணக்கில்தான். உன் மகனும் அந்த வகுப்பில் இருந்தவன். கோலி விளையாடத் தெருவுக்குப் போனால் அவன் உருது கேட்க வேண்டுமே, அவ்வளவு சுத்தம்.

இதை அப்போதே அவனிடம் சொல் என்றேன். நீ சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "வுடு வாத்தியாரே, அவ பாஷைய நான் கத்துக்கிறேன். அதுல இன்னா கஷ்டம்?" என்றாய்.

கஷ்டம் என்னவென்று வேலூரில் அந்த மாடி வகுப்பில் ஏறிய அன்றே தெரிந்தது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் பெண்களுக்கான வகுப்பு அது. துணைக்கு நானும் வந்தேன். கடைசி பெஞ்சில் இரண்டு கிழவர்கள். முன்னால் இருந்த பெண் திரும்பி, "அங்கிள், நீங்களும் நர்ஸ் வேலைக்கா?" என்றாள். நீ சட்டென்று, "ஆமாம்மா, ஒரே ஒரு பேஷண்ட்டு. ஆறு வயசு" என்றாய். வகுப்பே சிரித்தது. அந்த மொழியில் கதவு பெண்ணாம், மேஜை ஆணாம், சிறுமி மட்டும் 'அது'வாம் என்று ஆசிரியை சொன்னபோது, "பொண்ணுக்கில்லாத மரியாத கதவுக்கா?" என்று சண்டைக்குப் போனாய்.

ஃபின்னிஷுக்கு வேலூரில் வகுப்பு ஏது? போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தோம். தாத்தாவுக்கு அங்கே 'உக்கி' என்று ஒரு சொல் இருக்கிறது என்றதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். "உங்க ஸ்கூல்ல பசங்களக் காதப் புடிச்சிக்கினு போடச் சொல்வீங்களே, அதா நானு?" என்றாய்.

நீ சொற்களைப் படித்த விதம் எந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தராதது. வாழ்நாள் முழுக்கக் கம்பெனியில் செலக்‌ஷன் பார்த்தவன் நீ. தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கீறல், கழுத்துச் சுருக்கம் பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, ரிஜெக்ட் என்று வீசுவாய். அதே கையால் சொற்களையும் வீசினாய். வாஸர், வெசி, தண்ணீர்: ஃபர்ஸ்ட். ஷ்னே, லுமி, பனி: "அவ ஊர்ல அதானே எல்லாம்", ஃபர்ஸ்ட். வாடகை, வரி: "குழந்தைகிட்ட எதுக்கு?", ரிஜெக்ட். அம்மாக்காரி மீராவை 'குல்தா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அர்த்தம் தேடினோம். தங்கம் என்று அர்த்தம். பிள்ளையை அங்கேயும் தங்கம் என்றுதான் கொஞ்சுகிறார்கள். அந்தத் துண்டை நீ எந்தக் குவியலிலும் போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

ஒருநாள் கேட்டேன். "இந்தப் பக்கம் ஜெர்மன், அந்தப் பக்கம் ஃபின்னிஷ். தமிழை எங்கடா எழுதுவ?"

"அது நமக்குத் தெரியுமே. எழுதணுமா?"

"உனக்குத் தெரியும். அவளுக்கு?"

"ஒரு தோலுக்கு ரெண்டு பக்கம்தான் வாத்தியாரே" என்றாய், நான் என்னவோ தோலைப் பற்றிக் கேட்டதுபோல.

என் கோபத்தில் பாதி உன் மேல்தான் என்று இப்போதாவது தெரிந்துகொள். வாழ்நாளெல்லாம் தோல் வாங்க வெளிநாட்டு பையர் வரும்போது மேஜையை விட்டு ஓர் அடி தள்ளி நின்று பழகியவன் நீ. அவன் தடவிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், நீ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். கம்பெனியில் அது வேலை. சொந்தப் பேத்தியிடம் பேசுவதற்கும் உன்னை நீயே விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாயே, அது என்ன?

ஆனால் அந்த ஓர் அழைப்பையும் நான் மறக்க மாட்டேன். குளிர்காலம். நீ இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தாய். "குல்தா" என்று ஆரம்பித்தாய். விளையாடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஷ்னே? லுமி?" என்று கையை விரித்துக் கேட்டாய். இலக்கணமும் இல்லை, வாக்கியமும் இல்லை. இரண்டு மொழியும் ஒரே கைப்பிடியில். அவள் எழுந்து ஓடினாள். கொஞ்ச நேரம் திரையில் வெறும் நாற்காலிதான் தெரிந்தது. பிறகு ஒரு கிண்ணம் நிறையப் பனியோடு வந்து கேமராவில் முட்டுகிற அளவுக்கு நீட்டினாள். "லுமி! உக்கி, லுமி!" அதற்குப் பிறகு அவள் பேசியதில் பாதி ஜெர்மன், பாதி ஃபின்னிஷ். அவளும் கலந்துதான் பேசினாள், உன்னைப் போலவே. இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது.

அப்போது உன் மகன் வந்தான். "அப்பா, ரெண்டையும் கலக்காதீங்க. இப்பதான் அவளுக்குப் பிரிச்சுப் பேச வருது. உங்க உச்சரிப்பு வேற ஒரு மாதிரி இருக்கு. அத அவ புடிச்சுக்குவா."

கிண்ணத்தில் பனி உருகுவதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தூங்கினாள், நீச்சலுக்குப் போனாள், தோழி வீட்டுக்குப் போனாள். நீ இன்னும் அதிகமாகத் துண்டுகள் வெட்டினாய். பெரிய துண்டுகளில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, கதவு, ஜன்னல், நாற்காலி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் கட்டித் தொங்கவிட்டாய். "போதும்டா, அவன் அவகிட்ட போனைக் குடுக்க மாட்டான்" என்றேன். "இன்னும் கொஞ்சம் சுத்தமாப் பேசினா குடுப்பான் வாத்தியாரே. எங்கிட்டதான் கம்மி" என்றாய்.

உன்னிடமா கம்மி? அந்த ஒரு சொல்லுக்காக உன்னை மன்னிக்க முடியவில்லை எனக்கு.

மார்புவலி என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும், குல்தா துண்டு உன் சட்டைப் பையில் இருந்தது. உடைகளை மடித்து என் கையில் கொடுத்த நர்ஸ், "என்னங்க இது, கம்பெனி டோக்கனா?" என்று கேட்டாள். மறுநாள் காலை நீ இல்லை.

காரியத்துக்கு உன் மகன் வந்தான். குழந்தையையும் கூட்டி வந்தான். நீ உயிரோடு இருந்தவரை விடுமுறை கிடைக்காத குழந்தை. எல்லாம் முடிந்த மறுநாள் வீட்டை வாடகைக்கு விடுவதற்காக ஒழித்துக்கொண்டிருந்தான். நான் போனபோது ஒவ்வொரு பொருளாக நூலை அறுத்து, துண்டுகளை இந்தப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். மீரா அவனுக்கு முன்னால் ஓடி ஓடி, அறுப்பதற்குள் படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று, கதவில் தொங்கியதைக் கையில் பிடித்து, "ட்யூர்" என்றாள். திருப்பி, "ஒவி" என்றாள். மறுபடி திருப்பினாள். மறுபடியும். மூன்றாவது பக்கம் எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உண்ட் அவுஃப் டமில்?"

தமிழில் என்ன என்று கேட்கிறாள். மாடி வகுப்பில் படித்த எனக்கு அது புரிந்தது. "கதவு" என்றேன். "கடவு" என்றாள்.

"சார், வேணாம் சார்" என்றான் உன் மகன் உள்ளேயிருந்து. "குழம்பிடுவா."

அத்தனை வருஷம் ஆசிரியராக இருந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவனிடமும் குரலை உயர்த்தியதில்லை என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"யார்றா குழம்பினது? நீ குழம்பினியா? ஜன்னல், மேஜை, சாவின்னு நீ வீட்ல பேசினதுல பாதி எங்கெங்கிருந்தோ வந்த சொல்லு, அதுல எதுல குழம்பின? உங்கப்பன் ரெண்டு பாஷை படிச்சான்டா, உன் வீட்டு வாசல்ல நிக்க! நீ தாழ்ப்பாளப் போட்ட!"

அவன் நிமிரவில்லை. கையில் கத்தரிக்கோலோடு நின்றவன் மெதுவாகச் சொன்னான். "நான் வாயத் தொறந்தாலே அங்க சிரிச்சாங்க சார். அவளப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது."

அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அவன் பட்டிருப்பான். ஆனால் அவனைப் பார்த்துச் சிரித்தவன் யாரோ. அதற்குத் தண்டனை உனக்கா? கோபம் தணிந்ததா என்று கேட்டால் இல்லை. சிரித்தவர்களுக்கும் கொஞ்சம் பங்கு பிரிந்தது, அவ்வளவுதான்.

குழந்தை பயப்படவில்லை. சத்தம் அடங்கியதும் என் விரலைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். "உண்ட் அவுஃப் டமில்?" அப்புறம் நாற்காலி. அப்புறம் தண்ணீர்க் குடம். கடைசியில் மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்றாள். அதில் துண்டு எதுவும் தொங்கவில்லை. "உக்கி" என்று அவளே சொன்னாள். என்னைப் பார்த்தாள்.

"தாத்தா" என்றேன்.

அதை அவள் தப்பில்லாமல் சொன்னாள்.

அன்று சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள், விமானத்துக்கு. இந்தப் பை வாசலில் குப்பையோடு கிடந்தது. எடுத்து வந்தேன். நேற்று மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் பாயில் கொட்டி உலரவைத்தேன். நீ ரிஜெக்ட் என்று தனியாகக் கட்டி வைத்திருந்த கட்டைப் பிரித்தபோது, அதில் மேலாக இருந்த துண்டில் ஒரு பக்கம் வூட், மறுபக்கம் விஹா. நினைவிருக்கிறதா? நான்தான் இரண்டையும் தேடிக் கொடுத்தேன். இரண்டுக்கும் கோபம் என்று அர்த்தம். நீ அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "நமக்கு எதுக்கு வாத்தியாரே இது?" என்று வீசினாய்.

நல்ல தோல் அது. நேற்று நிதானமாகத் தடவிப் பார்த்தேன், நீ பார்க்கிற மாதிரியே. ஒரு கீறல் இல்லை, ஒரு தழும்பு இல்லை. நீ செலக்‌ஷனில் தப்பு செய்து நான் பார்த்தது இது ஒன்றுதான். குல்தா இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அதன் கூடவே இதையும் போட்டு வைத்திருக்கிறேன். இது ஃபர்ஸ்ட்.