சுவர் தின்ற பிள்ளை

மார்ச் 4
மழை. வேலைக்குப் போகவில்லை. பெயின்ட் அடிக்கிறவன் வீட்டுச் சுவர்தான் தெருவிலேயே கேவலம் என்று மனைவி முணுமுணுக்கிறாள். போதாததற்கு மகள் வேறு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள். இரண்டு வயது. சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். பால் மட்டும் புட்டி புட்டியாக இறங்கும். "கரையான்" என்று பெயர் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

மார்ச் 9
சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, நல்ல பெயின்டாக இரண்டு கோட்டிங் அடித்தாயிற்று. இனி ஒரு துணுக்கு பெயராது. தொல்லை விட்டது.

மார்ச் 17
மைத்துனி வந்திருந்தாள். பிள்ளை வெளுத்துப் போயிருக்கிறாளே என்றாள். நிறம் கூடியிருக்கிறாள் என்றேன். நிறத்தைப் பற்றி எனக்கா பாடம் எடுப்பது?

மார்ச் 21
மகளுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். பால்கூடத் தங்கவில்லை.

மார்ச் 23
காலையில் எழுப்பினால் எழவில்லை. பிறகு வலது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுத்தார். ஆஸ்பத்திரியில் இழுப்பு நின்று கண் திறந்துவிட்டாள். வலது கையும் காலும் மட்டும் போட்டது போட்டபடி கிடக்கின்றன.

மார்ச் 24
டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார். மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறதாம். அவரே, பிள்ளை உடம்பில் இரும்புச்சத்தே இல்லை, ரத்தம் ரொம்பக் குறைவு என்கிறார். தண்ணீராக இருக்கிற ரத்தம் எப்படி உறையும்? கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இரும்புச்சத்து குறைந்தால் சில பிள்ளைகளுக்கு ரத்தம் சுலபமாகக் கட்டிக்கொள்ளும், வாந்தி பேதியில் உடம்பு வறண்டதும் சேர்ந்துகொண்டிருக்கும் என்றார்.

பிறகு கேட்டார். "மண்ணு, சுண்ணாம்புன்னு ஏதாவது திங்கிறாளா?"

மனைவிதான் சொன்னாள். "இப்ப திங்கிறதில்ல டாக்டர். அவங்கப்பா சுவத்தைச் சரி பண்ணிட்டாரு."

மார்ச் 25
சுவரைத் தின்றதால் ரத்தம் குறையவில்லையாம். ரத்தம் குறைந்ததால்தான் சுவரைத் தின்றிருக்கிறாள். பாலிலேயே வயிறு நிறைந்தால் இரும்புச்சத்து எங்கிருந்து வரும்? பிள்ளை தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறாள். நான் பட்டி பார்த்து மூடியிருக்கிறேன் — நீயெல்லாம் ஒரு அப்பனாடா?

மார்ச் 29
ரத்தம் ஏற்றினார்கள். ரத்தக்கட்டி பெரிதாகாமல் இருக்க ஊசி போடுகிறார்கள். உதடு சிவந்திருக்கிறது. இத்தனை நாள் அந்தச் சிவப்பு இல்லை என்பதே என் கண்ணில் படவில்லை.

மனைவி என்னோடு பேசுவதில்லை. இன்று ஒன்று மட்டும் சொன்னாள்: "இனிமே அவள கரையான்னு கூப்பிடாதீங்க."

மே 6
நடக்கிறாள். சோறும் இறங்குகிறது. பந்தை இடது கையால்தான் எடுக்கிறாள்.

பிப்ரவரி 11
ஒரு வருடம் ஆகப் போகிறது. கால் தேறிவிட்டது. கை விரல்களில் இதற்கு மேல் பலம் வருவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா இன்று சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மகளுக்குத் தலை வாரும்போது சிக்கை இழுத்துவிட்டேன். கோபம் வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். வலது கையால்.

கொஞ்சம்கூட வலிக்கவில்லை. "விடும்மா, அப்பாவுக்கு வலிக்குது" என்றேன். பாவமாக இருந்ததோ என்னவோ, உடனே விட்டுவிட்டாள்.